நிதானமாக நகரும் உளவுப் படங்களைப் பார்ப்பது எப்படி: யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாகத் தொடங்குவோருக்கு

துப்பாக்கிச் சத்தம் இல்லாமல், கார்த் துரத்தல் இல்லாமல், இரண்டு மணித்தியாலமும் மழைக்கோட்டு அணிந்த ஆண்கள் அறைகளுக்குள் இருந்து தாழ்ந்த குரலில் கதைக்கும் உளவுப் படங்களைப் பற்றி நல்லதாகக் கேள்விப்பட்டு, ஒன்றைத் தெரிவு செய்து, அரைமணித்தியாலத்துக்குள் யார் எவரென்று விளங்காமல் நிறுத்திவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வழியால் தட்டுத்தடுமாறி வந்தவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி இல்லை. படம் கடினமானது என்பதைவிட, எந்த ஆயத்தமும் இல்லாமல் அதன் முன் உட்கார்வதே பெரும்பாலும் தோல்விக்குக் காரணம். இவ்வகைப் படங்கள் முக்கியமான செய்தியை உரத்துச் சொல்வதில்லை. ஒருவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியிலோ, மேசையில் இடம் மாறியிருக்கும் ஒரு பொருளிலோ அதை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். எடுத்துக்கொள்வது நம் வேலை. எடுத்துக்கொண்டவருக்குக் கிடைக்கும் இன்பம் வேறெந்த வகைப் படத்திலும் இல்லை என்பது என் முடிவு. எடுக்காதவருக்கு அது நல்ல நித்திரை.

முன்கூட்டியே வரலாறு படிக்கவேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்க அணியும் சோவியத் அணியும் நேருக்கு நேர் மோதாமல் ஒன்றையொன்று வேவு பார்த்தன. பேர்ளின் நகரை 1961 முதல் 1989 வரை ஒரு மதில் பிரித்து வைத்திருந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

1. முதற் படத்தை ஆட்களின் தொகையைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

இந்த வகையில் எது சிறந்தது என்று யாரைக் கேட்டாலும் 2011ஆம் ஆண்டின் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ என்பார்கள். பதில் பிழையன்று; ஆனால் தொடங்குபவருக்கு அது பொருந்தாது. பிரித்தானிய உளவுத்துறையின் உச்சியில் இருக்கும் சிலருள் ஒருவர் சோவியத் தரப்புக்கு வேலை செய்கிறார், அவரைக் கண்டுபிடிக்க, கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட ஸ்மைலி என்பவர் திரும்ப அழைக்கப்படுகிறார் என்பதுதான் கதை. ஆனால் அந்த 127 நிமிடங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் உண்மைப் பெயர், புனைபெயர், பதவி, பழைய பகை என எல்லாம் உண்டு. காலமும் முன்னும் பின்னும் போய்வரும். இதை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஆளைப் பின்தொடரும், நேர்கோட்டில் போகும் படம் வேண்டும். என் பரிந்துரை 2006இல் வெளிவந்த ‘த லைவ்ஸ் ஒஃப் அதர்ஸ்’ என்ற ஜேர்மன் படம். 137 நிமிடம் ஓடும் இது, 1984இன் கிழக்கு பேர்ளினில் தொடங்குகிறது. ஒரு நாடகாசிரியரின் வீட்டில் ஒலிவாங்கிகளைப் புதைத்துவிட்டு, அதே கட்டடத்தின் மேற்கூரைத் தளத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஓர் உளவு அதிகாரி. அவர் இருக்கும் நிலையும் உங்கள் நிலையும் ஒன்றுதான் என்பதால், எப்படிக் கேட்பது என்பதைப் படமே உங்களுக்குப் பழக்கிவிடும்.

இரண்டாவதாக 1974ஆம் ஆண்டின் ‘த கொன்வர்சேஷன்’, 113 நிமிடம். அரசாங்க உளவாளி இதில் இல்லை. கூலிக்கு ஒட்டுக்கேட்பவர் ஒருவர்தான். ஆனால் வேண்டிய பயிற்சி முழுவதும் இதில் கிடைக்கும். மூன்றாவதாக 1965இன் கறுப்பு வெள்ளைப் படமான ‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’, 112 நிமிடம். அது பேர்ளினின் சோதனைச்சாவடி ஒன்றில், யாரோ ஒருவர் கடந்துவருவதற்கான காத்திருப்புடன் தொடங்குகிறது. அடையாள அட்டையை நீட்டிவிட்டு எதிரே நிற்பவரின் முகத்தைப் படித்து வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. இந்த ஒரு விடயத்தில் நமக்கு மற்றவர்களைவிடத் தேர்ச்சி அதிகம் என்றே சொல்வேன்.

2. எங்கே பார்ப்பது, என்ன செலவாகும்

இப்படங்கள் நம் திரையரங்குகளுக்கு வருவதில்லை. நெட்பிளிக்ஸ் 2016 முதல் இலங்கையில் கிடைக்கிறது. அமேசன் பிரைம், அப்பிள் ரிவி போன்றவையும் உண்டு. எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது. ஆகவே முதலில் சந்தா கட்டிவிட்டுப் பிறகு படத்தைத் தேடவேண்டாம். படம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, அந்த மாதத்துக்குள் பார்க்கவேண்டியவற்றைப் பார்த்து முடித்து நிறுத்திவிடுங்கள்.

கட்டணம் கட்ட வெளிநாட்டுக் கொடுப்பனவு செயற்படுத்தப்பட்ட வங்கி அட்டை வேண்டும். பல டெபிட் அட்டைகளில் அந்த வசதி வழக்கமாக மூடப்பட்டிருக்கும். வங்கியின் செயலியிலோ கிளையிலோ திறந்துவிடச் சொல்லவேண்டும். இதை வெள்ளிக்கிழமை பின்னேரம் நினைவுக்குக் கொண்டுவந்தால் அந்த வார இறுதி போய்விடும். டொலரில் அறவிடப்படும் தொகையுடன் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும் என்பதால், தளத்தில் காட்டும் விலையைவிடச் சற்றுக் கூடுதலான பணம் கணக்கில் இருக்கட்டும்.

டேட்டாவைப் பொறுத்தவரை, நெட்பிளிக்ஸ் தரும் அளவுகளின்படி குறைந்த தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7 ஜிபி, உயர்தரத்தில் 3 ஜிபி வரை போகும். அதாவது 127 நிமிடப் படம் ஒன்று நடுத்தரத்தில் 1.5 ஜிபி அளவிலும், உயர்தரத்தில் 6 ஜிபியைத் தாண்டியும் செலவாக்கும். குறைந்த தரத்தை இந்தப் படங்களுக்குப் பாவிக்கவேண்டாம். காட்சிகள் பெரும்பாலும் இருட்டானவை. பின்னால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்கும் ஆள் அந்தத் தரத்தில் வெறும் கறுப்புச் சதுரமாகத்தான் தெரிவார், சில வேளைகளில் அந்த ஆள்தான் காட்சியே. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாகத் தரப்படுகிறதா என்று பாருங்கள். நள்ளிரவுக்குப் பின் கைத்தொலைபேசியிலோ ரப்லெற்றிலோ பதிவிறக்கி வைத்துவிட்டால் பகல் டேட்டா மிஞ்சும், இடையில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும் தொல்லையும் இல்லை. பதிவிறக்கியவை சில நாள்களில் காலாவதியாகும் என்பதால், பார்க்கும் நாளுக்கு முதல் இரவு எடுத்தால் போதும்.

3. நேரம் குறித்தல்

படத்தின் நீளத்துடன் முக்கால் மணித்தியாலம் சேர்த்து ஒதுக்குங்கள். நிறுத்திப் பார்க்கவும், பின்னோக்கிப் போகவும் அது தேவைப்படும். ஒரே இருப்பில் பார்ப்பதுதான் முறை. பாதியை இன்றும் மீதியை நாளையும் என்றால், நாளைக்குப் பெயர்கள் மனதில் இருக்காது.

நம் ஊரில் இதற்குப் பெரிய இடையூறு மின்வெட்டு அல்ல, வெளிநாட்டு அழைப்பு. இங்கு ஞாயிறு இரவு ஒன்பது மணி என்பது ரொறன்ரோவில் கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. அங்குள்ள மாமிமாருக்கு வேலை இல்லாத, ஊருடன் ஆறுதலாகக் கதைக்கும் நேரம் அதுதான். இலண்டனில் அப்போது பின்னேரம் மூன்றரையோ நாலரையோ. ஆகவே ஞாயிறு இரவைத் தவிர்த்துவிட்டு, கிழமை நாளில் ஒன்பது மணிக்குப் பின் அல்லது சனிக்கிழமை அதிகாலையை எடுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாள்களிலும், உங்கள் ஊர்க் கோயிலின் கொடியேற்றத்திலிருந்தும், ஒலிபெருக்கிக்கு அண்மையில் வீடு இருந்தால் முயலவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கூரையின் கீழ் இருப்பவர்களுக்குக் காதில் மாட்டும் ஹெட்செற் கட்டாயம். மின்விசிறியின் இரைச்சலே இந்தப் படங்களில் ஒரு வசனத்தை விழுங்கப் போதுமானது.

4. தயார்செய்யவேண்டிய ஒரே ஆவணம்

கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நான்கு நிரல்கள் கீறுங்கள்: பெயர், இன்னொரு பெயர், யாருக்குக் கீழே வேலை செய்கிறார், இவருக்கு என்ன தெரியும். முதல் மூன்றும் நினைவுக்காக. நான்காவதுதான் உண்மையான வேலை. இவ்வகைக் கதை முழுவதும், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கும். அதிகாரி அறிந்ததை மேலதிகாரி அறிந்திருக்கமாட்டார், மேலதிகாரிக்கு ஒன்று தெரியும் என்பதே அதிகாரிக்குத் தெரிந்திருக்காது. இதைத் தலையில் வைத்திருக்க முடியும் என்று நம்புபவர்கள்தான் நாற்பதாவது நிமிடத்தில் கைவிடுகிறார்கள்.

இன்னொரு பெயருக்கு நிரல் எதற்கு என்றால், 2015 முதல் 2020 வரை வெளியான ‘லெ பியூரோ’ என்ற பிரெஞ்சுத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உளவாளிகளுக்கு வைக்கப்படும் இரகசியப் பெயர்கள், டின்டின் சித்திரக்கதையில் கப்டன் ஹடொக் வாய்விட்டுத் திட்டும் வசவுச் சொற்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அலுவலகத்தில் அந்தப் பெயர், வெளிநாட்டில் போலிக் கடவுச்சீட்டின் பெயர், வீட்டில் மகள் அழைக்கும் முறை என ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள். எழுதாமல் முடியாது.

எழுதுவதைப் படம் ஓடும்போது செய்யவேண்டாம். முப்பதாவது நிமிடத்தில் ஒரு முறை நிறுத்தி எழுதுங்கள், பிறகு ஒரு மணித்தியாலம் ஆனதும் இன்னொரு முறை. தாளைக் குனிந்து பார்க்கும் ஐந்து நொடியில்தான் தேவையான பார்வைப் பரிமாற்றம் நடந்து முடிந்துவிடும்.

5. சப்ரைட்டில்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் ஆங்கில சப்ரைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரித்தானிய நடிகர்கள் வாய்க்குள் முணுமுணுப்பதை நம் காது பிடிக்காது. ஜேர்மன், பிரெஞ்சுப் படங்களை மூலமொழியிலேயே கேளுங்கள். ஆங்கிலக் குரல் மாற்றத்தில் தயக்கம், மௌனம், குரல் நடுக்கம் எல்லாம் போய்விடும், அவைதான் அங்கே செய்தி. இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் சப்ரைட்டிலை நம்பவேண்டாம். அது இரகசியப் பெயர்களைச் சாதாரணச் சொற்களாக எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்துவிடும்.

6. முதல் அரைமணித்தியாலத்தில் எதைப் பார்ப்பது

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றவை எல்லாம்.

நம் வீடுகளில் ஆடும் முந்நூற்றிநாலு கடதாசி விளையாட்டில் துரும்பைக் கூறியவர் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார். மற்றவர்கள் அவர் எந்த இலையை எப்போது போடுகிறார், எதைப் போடத் தயங்குகிறார் என்பதைக் கொண்டே அது என்னவென்று ஊகிப்பார்கள்; நன்றாக ஆடுபவர் துரும்பு திறக்கப்படும் முன்பே அதை அறிந்திருப்பார். நிதானமான உளவுப் படத்தின் சுவை முழுவதும் அதுதான். விறுவிறுப்பான படம் துரும்பைத் திறந்து காட்டி நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. இது, திறப்பதற்கு முன் நாமே கண்டுபிடிக்க வேண்டிய அத்தனையையும் நம் கண்முன்னே போட்டுவிட்டு, கண்டுபிடிக்கிறோமா என்று காத்திருக்கிறது.

‘த லைவ்ஸ் ஒஃப் அதர்ஸ்’ தொடக்கத்தில் அந்த அதிகாரி, விசாரணை செய்வது எப்படி என்று ஒரு வகுப்பு எடுக்கிறார். ஒருவரை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருப்பது மனிதத்தன்மையற்றதல்லவா என்று ஒரு மாணவன் கேட்கிறான். அதிகாரி அமைதியாக விளக்கம் சொல்லிவிட்டு, இருக்கை வரைபடத்தில் அவன் பெயருக்கு அருகே ஒரு புள்ளடி இடுகிறார். ஓரிரு நொடிதான், வசனம் இல்லை, இசை உயர்வதில்லை. அந்தப் புள்ளடியைக் கண்டவருக்கு இந்த மனிதர் யார், இந்த நாடு எப்படி இயங்குகிறது, இவர் பின்னர் மாறினால் எவ்வளவு தூரம் மாறவேண்டியிருக்கும் என்பதெல்லாம் விளங்கிவிடும். அந்த நொடியில் வட்ஸ்அப்பைப் பார்த்தவர், பிறகு வரும் இரண்டு மணித்தியாலத்தையும் ஒருவர் சும்மா உட்கார்ந்து ஒட்டுக்கேட்கும் படமாகவே பார்ப்பார்.

‘த கொன்வர்சேஷன்’ படத்தில் சான் பிரான்சிஸ்கோவின் சதுக்கம் ஒன்றில் நடந்துகொண்டு கதைக்கும் இருவரின் பேச்சு பதிவாகிறது. படம் முழுவதும் அதே ஒலிநாடாவை நாயகன் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறான். ஏற்கெனவே கேட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று கேளுங்கள். இதற்குமேல் சொன்னால் உங்கள் படத்தை நான் கெடுத்ததாகிவிடும்.

‘டிங்கர் டெய்லர்’ படத்துக்கு வரும்போது ஒரு திறவுகோலை மட்டும் கையில் தருகிறேன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஸ்மைலி தொடக்கத்திலேயே கண்ணாடிக் கடைக்குப் போய் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொள்கிறார். பழைய கண்ணாடி போட்டிருந்தால் காட்சி கடந்த காலத்தில் நடக்கிறது, புதியது என்றால் நிகழ்காலம். படம் காலத்தை இப்படித்தான் சொல்கிறது. குழம்பிப்போனதாகக் குறைசொல்பவர்களில் பலர் இந்த ஒன்றைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை மிகச் சில. இந்த உரையாடல் முடிந்தபின் யாருக்கு முன்பு தெரியாதது இப்போது தெரியும்? யார் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை? அறையில் இருந்தும் பேசாதவர் யார்? பேசாதவரைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வெற்றி. ஸ்மைலியே படம் தொடங்கி நெடுநேரம் வாய் திறப்பதில்லை.

7. கவனமாக இருக்கவேண்டிய பொறிகள்

யூரியூப்பில் பத்து நிமிடத்தில் தமிழில் கதை சொல்லும் விளக்கக் காணொளிகள் மிகப் பெரிய பொறி. முதலில் கதையைத் தெரிந்துகொண்டு பிறகு படத்தைப் பார்ப்போம் என்பது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் கதை இப்படங்களில் மிகச் சிறிய பங்கு, அதை நாமாகக் கூட்டிப் பார்ப்பதே பெரும் பங்கு. காணொளி அந்தப் பெரும் பங்கைத் தானே தின்றுவிட்டு மிச்சத்தை நமக்குத் தருகிறது. நடிகர் யாரென்று விக்கிப்பீடியாவில் தேடுவதும் ஆபத்து. பாத்திரத்தின் பெயருக்கு அருகிலேயே அவர் யாரென்பதும் எழுதியிருக்கும்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டவேண்டாம். பதில் வரத் தாமதமாகும் நொடிகளை அது வெட்டிவிடும். தொடர்களில் அடுத்த பாகம் தானாக ஓடும் வசதியையும், பாகத்தின் முடிவில் காட்டப்படும் அடுத்த வார முன்னோட்டத்தையும் நிறுத்திவையுங்கள். திருட்டுப் பிரதிகளில் சப்ரைட்டில் சில நொடி பிந்தியோ முந்தியோ வரும். வேறு படங்களில் அதைச் சகித்துக்கொள்ளலாம், இதில் யார் சொன்னார் என்பதே மாறிவிடும்.

“இப்ப என்ன நடந்தது?” என்று அடிக்கடி கேட்கும் ஒருவருடன் பார்க்கவேண்டியிருந்தால், அன்று வேறு படம் போடுவதே உறவுக்கு நல்லது.

8. தொடர்களுக்குப் போகும்போது

மூன்று, நான்கு படங்களுக்குப் பின் தொடர்களுக்குப் போகலாம். முதலில் 1979இல் பிபிசி எடுத்த ‘டிங்கர் டெய்லர்’ தொடர். அதே கதை ஏழு பாகங்களில், ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. திரைப்படம் ஒரு பார்வையில் முடித்த விசாரணையை இது ஒரு முழுப் பாகமாக நடத்தும். தொழில்நுட்பம் பழையது, நடிப்பு அப்படியன்று.

பிறகு ‘லெ பியூரோ’, 5 பருவங்கள், 50 பாகங்கள். முழுவதையும் நடுத்தரத்தில் பார்த்தால் 30 ஜிபி அளவில் செலவாகும், நாளுக்கு இரண்டு பாகம் என்றால் ஒரு மாதச் சந்தாவுக்குள் முடியும். ‘த அமெரிக்கன்ஸ்’ தொடர் 2013 முதல் 2018 வரை 6 பருவங்களில் 75 பாகங்கள். சோவியத் உளவாளிகள் இருவர் அமெரிக்கத் தம்பதியாக வொஷிங்டன் புறநகரில் பிள்ளை வளர்க்கிறார்கள். இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். பிள்ளைகளின் ரியூசன் நேரத்தில் ஒரு பாகம் என்று வைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அது நன்றாகவே பொருந்துகிறது.

9. படம் முடிந்தபின்

எழுத்துகள் ஓடி முடிந்ததும் உடனே விளக்கம் தேடாமல், தாளின் நான்காம் நிரலை எடுத்து, கடைசிக் காட்சியில் ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருந்தது என்று நிரப்புங்கள். நிரப்ப முடியாத கட்டம் எதுவோ அதுதான் நீங்கள் தவறவிட்ட காட்சி. அந்தக் காட்சிக்கு மட்டும் திரும்பிப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் விடயம் தெளிந்துவிடும்.

நிதானமான படங்களில் பொதுவாகவே பழக்கம் வேண்டுமென்றால், 2015 முதல் இங்கு நடந்துவரும் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவைத் தவறவிடாதீர்கள். உளவுப் படம் கிடைக்காவிட்டாலும், கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் பயிற்சி கிடைக்கும்.

மறுமுறை பார்ப்பதை ஒரு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ‘டிங்கர் டெய்லர்’ படத்தில் அலுவலகத்தின் நத்தார் விருந்து பலமுறை வந்து போகிறது. இரண்டாம் முறை அந்த விருந்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நண்பர் ஒருவருடன் பார்ப்பதானால் இருவரும் தனித்தனித் தாளில் எழுதி, முடிந்தபின் ஒப்பிடுங்கள். இரண்டு தாள்களும் முரண்படும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, மறுமுறை அந்த இடங்களில் நிறுத்திப் பாருங்கள்.